தலைதட்டி ஒரு கரண்டி

ஏப்ரல் 4, சனி

அக்காவின் சேவலை இன்று காலை கழுத்தைத் திருகிக் கொன்றேன்.

சுவரைத் தாண்டிப் பறந்து வந்து என் கருப்புக் குஞ்சின் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. விரட்டினேன், நகரவில்லை. தலையைச் சாய்த்து என்னையே முறைத்தது. யார் வீட்டில் வளர்ந்தது, அந்தத் திமிர் இருக்கத்தானே செய்யும். பிடித்தேன், ஒரே திருகு. இறக்கை என் முகத்தில் படபடவென்று அடித்து அடங்கியது. காலைப் பிடித்துச் சுழற்றி அந்தப் பக்கம் வீசினேன்.

சொத்தென்று விழுந்தது. அடுத்த நொடி அவள் தொண்டை திறந்தது.

“அடிப்பாவி! நீயெல்லாம் நல்லா இருப்பியாடி?”

“நல்லாத்தான் இருக்கேன். சூட்டோட ஆக்கித் தின்னு!”

அரைச் செங்கல் ஒன்று சுவரைத் தாண்டி வந்து கோழிக்கூட்டுத் தகரத்தில் விழுந்தது. அதையே எடுத்துத் திருப்பி எறிந்தேன். அங்கே எதுவோ உடைந்தது. பூந்தொட்டியாக இருந்தால் நல்லது.

இவர் சரக்கு வேனைக் கழுவிக்கொண்டே சொல்கிறார்: “ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான்.” ஏன் நம்ப மாட்டான்? வேற்றாள் என்றால் இவ்வளவு கோபம் வருமா?

ஏப்ரல் 5

குஞ்சுக்கு ஒரு கண் போய்விட்டது. சேவலைக் கொன்றது சரிதான் என்று இன்னொரு முறை எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கூட்டைப் பெருக்கும்போது பார்த்தேன். எச்சத்தில் ரத்தம். இரண்டு பெட்டைகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் குறுகி நிற்கின்றன. தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது கோழி. தீவனக் கடையில் நாள் முழுக்கத் தராசு பிடித்துவிட்டு வந்து நான் உட்காரும் இடம் இந்தக் கொல்லை ஒன்றுதான்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சேவல் கொண்டுவந்த நோயாகத்தான் இருக்கும். சுவர் கட்டியும் நிம்மதி இல்லை. ஒரே வீட்டுக்கு அக்காவையும் தங்கையையும் கொடுக்காதே என்று எத்தனை பேர் சொன்னார்கள். அண்ணனுக்கு அவள், தம்பிக்கு நான். பத்து வருடம் ஒரே அடுப்பு. பிரிந்தது ஒரு முட்டையால். என் கோழி அவள் கூட்டில் போய் முட்டையிட்டது. கோழி என்னுடையது என்றேன். கூடு என்னுடையது என்றாள். நான் அவள் கொண்டையைப் பிடித்தேன், அவள் என் தோளைக் கடித்தாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீட்டைப் பிரித்து, கொல்லையின் நடுவே சுவரை எழுப்பினார்கள். சுவர் உச்சியில் அவள் பச்சை பாட்டிலை உடைத்துப் பதித்தாள். நான் சும்மா இருப்பேனா? என் பங்குக்குப் பழுப்பு பாட்டில்.

தண்ணீர் இணைப்பு மட்டும் ஒன்றுதான். அதனால் மேஸ்திரி சுவரின் மேலே ஒரு மேடை விட்டு நீல டிரம்மை அதில் வைத்தார். காலையில் தண்ணீர் வரும், ஐம்பது லிட்டர் நிறையும், நின்றுவிடும். அடியிலிருந்து இரண்டு குழாய். ஒன்று அவள் கோழிகளின் கிண்ணங்களுக்கு, ஒன்று என்னுடையதற்கு. அன்றைக்கு அவ்வளவுதான் தண்ணீர்.

அண்ணனும் தம்பியும் தெருமுனைக் கடையில் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஏப்ரல் 7

கால்நடை மருத்துவமனைக்கு ஒரு கோழியையும் கொஞ்சம் எச்சத்தையும் கொண்டுபோனேன். டாக்டரம்மா பார்த்த உடனே குடல் நோய் என்றாள். சல்ஃபா தூள் கொடுத்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் பேச்சில் கண்டிப்பு.

“இது உப்பு போடற மாதிரி கைக்கு வந்தபடி போடறது இல்லம்மா. பத்து லிட்டருக்கு ஒரு கரண்டி. தலை தட்டிப் போடணும், குவிக்கக் கூடாது. மூணு நாள் போடுங்க, ரெண்டு நாள் நிறுத்துங்க, மறுபடி மூணு நாள். கூடிப்போச்சுன்னா நோய் கொல்றதுக்கு முன்னாடி மருந்து கொன்னுடும். வெயில் வேற, ரெண்டு மடங்கு குடிக்கும். அந்த முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது.”

சரி சரி என்று தலையாட்டினேன். தராசு பிடிப்பவளுக்கு அளவு சொல்லித் தருகிறாள்.

“டிரம்ல போடறீங்களா? அதுல வேற யார் கோழியாவது குடிக்குதா? வேற யாராவது மருந்து கலக்கறாங்களா?”

“இல்ல. எல்லாம் என்னோடதுதான்” என்றேன்.

பின்னே? சுவர் கதை, முட்டைக் கதை எல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டு நிற்கவா? பின்னால் ஆட்டுக்குட்டியோடு நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏப்ரல் 8

முதல் நாள் மருந்து. அக்கா முன்னறையில் தையல் மெஷினில் உட்காரும் வரை காத்திருந்தேன். மெஷின் சத்தம் கேட்டதும் கொல்லைக்குப் போனேன்.

பாக்கெட்டுக்குள் ஒரு வெள்ளைக் கரண்டி இருக்கிறது. அள்ளி, கத்தியின் முதுகால் வழித்து, தலைதட்டி ஒன்று. இப்படி ஐந்து. மக்கில் தண்ணீர் ஊற்றி, கட்டியில்லாமல் கரைத்து, டிரம்மில் விட்டுக் குச்சியால் கலக்கினேன். கரைந்தபின் ஒன்றும் தெரியவில்லை, பச்சைத் தண்ணீர் மாதிரியே இருந்தது. மூடியைப் போட்டுக் கயிற்றை என் வழக்கப்படி இரட்டை முடிச்சாகக் கட்டினேன்.

தனிச் சட்டியில் வைத்துப் பார்த்தாயா என்று இவர் கேட்டார். வைத்தேன். சட்டிமேல் ஏறி நின்று, கவிழ்த்து, அதிலேயே எச்சமிட்டன. பழகின கிண்ணத்தில்தான் குடிப்பேன் என்றால் என்ன செய்வது?

பாதி மருந்து அவள் பக்கம் போகிறது. போகட்டும். அவளிடம் சொன்னால், நோய் உன் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று தெருவைக் கூட்டுவாள். ஓசி வைத்தியம் பார்த்துக்கொண்டதாக வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 9

இன்றைய முட்டை பதினொன்று. சாப்பிடக் கூடாது, குழியில் புதை என்றாள் டாக்டரம்மா. குழி எதற்கு? ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடித்தேன். மூன்று சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கம் துணி காய்ந்துகொண்டிருந்ததாம். “உன் வாயில புழு நெளிய!” என்றாள். ஒரு வாளித் தண்ணீர் வந்து என் தலையில் விழுந்தது. வெயிலுக்கு இதமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 10

மூன்று செத்துவிட்டன. காலையில் நன்றாக நின்றவை. கொண்டை வெளுத்து, மூக்கில் ரத்தம்.

அளவு சரி. ஐந்தும் தலைதட்டி. நானே எண்ணினேன்.

ஏப்ரல் 11

மருந்து இல்லாத நாள். சுவரின் நிழலிலும் கால் சுடுகிறது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு குடித்துக்கொண்டே இருக்கின்றன.

இன்றும் நான்கு. ஒன்று என் கையிலேயே. இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன், தோலுக்கடியில் கருநீலமாக ரத்தம் கட்டியிருக்கிறது. யாரோ அடித்த மாதிரி. குடல் நோய் இறக்கைக்கு எப்படி வரும்?

ஏப்ரல் 12, ஞாயிறு

விடிந்ததும் ஒரு செத்த கோழி பறந்து வந்து என் முன்னால் விழுந்தது. அவளுடையது. கழுத்தில் துணிக் கிழிசல் கட்டியிருந்தது, அடையாளத்துக்கு.

“விஷம் வெச்சிட்டியாடி? வாயில்லா ஜீவனுக்கு விஷம் வெச்சிட்டியா? டிரம்மைத் தொட்ட, கையை ஒடிப்பேன்!”

“யாருடி விஷம் வெச்சது? என் வீட்டுல ஏழு போயிருக்கு!”

“நடிக்காதடி!”

நடிப்பது யார்? அப்போதுதான் தலையில் ஏதோ உறைத்தது. ஏறிப்போய் டிரம்மைப் பார்த்தேன். கயிற்றில் ஒற்றை முடிச்சு. அதன்மேல் ஒரு சுருக்கு. நான் வெள்ளிக்கிழமை கட்டியது இரட்டை முடிச்சு. நேற்று நான் தொடவே இல்லை.

மருந்து சரி, அளவு சரி, கட்டிய முடிச்சு வேறு. அப்புறம் என்ன சந்தேகம்?

இவரிடம் சொன்னேன். “அவங்க கோழியும்தானே சாகுது?” என்கிறார். இவருக்கு அவளைத் தெரியாது. தன் மூக்கை அறுத்து எதிராளிக்குச் சகுனத்தடை பண்ணுகிற ரகம் அவள். நல்ல கோழியை எல்லாம் எங்காவது கொண்டுபோய் அடைத்திருப்பாள். நாலு கிழட்டுக் கோழியைக் காவு கொடுத்துவிட்டு ஒப்பாரி வைக்கிறாள்.

சேவலுக்குப் பழி.

ஏப்ரல் 13

தண்ணீரையெல்லாம் கொட்டி, டிரம்மைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கூட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்தேன். தண்ணீர் வந்தது, நின்றது. யாரும் வரவில்லை. இரண்டாம் சுற்று மருந்தை நானே கலக்கினேன். ஐந்து கரண்டி. எதற்கும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வழித்தேன்.

இன்று சாவு இல்லை. அவள் வராத நாளில் சாவு இல்லை! இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் 14

கடைக்குப் பொழுது விடியுமுன் லோடு வந்தது, போக வேண்டியதாயிற்று. மருந்தை அளந்து மக்கில் கரைத்து இவரிடம் கொடுத்து ஊற்றச் சொன்னேன். மாலையில் வந்தால் ஆறு கோழி வரிசையாகக் கிடக்கின்றன. நான் பேர் வைத்துக் கூப்பிடும் சண்டியும் அதில். கண் திறந்தபடி.

“காலையில முடிச்சு எப்படி இருந்துச்சு?”

“ஏதோ ஒரு முடிச்சு. அவிழ்த்தேன், ஊத்தினேன்.”

கையிலிருந்த மக்கை இவர் மேல் வீசினேன். நெற்றியில் பட்டுவிட்டது. ஏதோ ஒரு முடிச்சாம்! சண்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இருக்கட்டும். நாளைக்கு இருக்கிறது அவளுக்கு.

ஏப்ரல் 15

எழுதணும். எழுதாம இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்.

கூட்டுக்குள்ள உக்காந்திருந்தேன். தண்ணி நின்னுச்சு. அந்தப் பக்கம் ஸ்டூல் இழுக்கிற சத்தம். அவ தலை தெரிஞ்சது. மூடியைத் திறந்தா. மக்கை டிரம்முல கவுத்தா. அப்புறம் கையை உள்ள விட்டுக் கலக்கினா, முழங்கை வரைக்கும். கண்ணாடி குத்தாம இருக்கச் சுவர் மேல சாக்கு போட்டிருந்தா. அவ்வளவு பழக்கம்.

நான் பெட்டி மேல ஏறினேன். மணிக்கட்டைப் பிடிச்சேன். அவ அலறினா.

“என்னடி போட்ட? சொல்லுடி, என்ன விஷம்டி?”

இழுத்தேன். ஸ்டூல் சாஞ்சிடுச்சு. அவ உடம்பு முழுக்க அந்தக் கை மேல வந்துச்சு, கை கண்ணாடி மேல வந்துச்சு. சாக்கு நழுவிடுச்சு. அவ “விடு விடு”ன்னு கத்தினா.

விடல.

நான் விடல. இதை எழுதித்தான் ஆகணும். ரத்தம் என் விரலுக்கு நடுவுல வழியுது, தெரியுது, சூடா இருக்கு. அப்பவும் விடல. “சொல்லுடி”ன்னு இன்னொரு தடவை இழுத்தேன். முதல் இழுப்பு கோபத்துல. ரெண்டாவது? ரெண்டாவது இழுப்புக்கு என்ன பேரு? உள்ள ஏதோ படக்குன்னு அறுந்தது என் கைக்கே தெரிஞ்சது.

அவ சொன்னா, “மருந்துடி... கோழிக்கு மருந்துடி...”

அவளோட இன்னொரு கையில இருந்த பாக்கெட் என் காலடியில விழுந்துச்சு. அதே சல்ஃபா தூள். அதே வெள்ளைக் கரண்டி. கரண்டியில ஒட்டியிருந்த தூள், தலைதட்டி வழிச்சு சமமா இருந்துச்சு.

விட்டேன். அவ அந்தப் பக்கம் விழுந்த சத்தம்.

ஏப்ரல் 16

நேற்று எழுதியதைப் படித்தேன். அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அதற்குப்பிறகு நடந்தது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அவளைப் பைக்கில் உட்கார வைத்துக் கையைத் துண்டால் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மதியம் திரும்பி வந்தார். கையில் கடப்பாரை. பத்து வருடத்தில் என்னிடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர். எங்கள் கதவில் ஓங்கி ஒன்று போட்டார், பலகை பிளந்தது. என்னைத் தேடி உள்ளே வந்தார். இவர் குறுக்கே விழுந்தார். டீக்கடையில் தோள்மேல் கைபோட்டு உட்காரும் அண்ணனும் தம்பியும் கூடத்தில் கட்டிப் புரண்டார்கள். இவருக்கு ஒரு பல் ஆடுகிறது. மாமாவின் சட்டை முழுக்க ரத்தம், அதில் எது அக்காவுடையது எது இவருடையது என்று தெரியவில்லை.

கடைசியில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். டிரம்மைக் குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார். ஐம்பது லிட்டரும் இரண்டு பக்கமும் கொட்டியது. கோழிகள் ஓடிவந்து அந்தச் சேற்றுத் தண்ணீரையும் குடித்தன, நான் விளக்குமாறை எடுத்து அடித்து விரட்டினேன். அதையாவது செய்தேன்.

அவர் போனபின் இவர் என் கன்னத்தில் அறைந்தார். கல்யாணமானதிலிருந்து முதல் முறை.

ஏப்ரல் 18

விரலை மடக்கும் நரம்புகள் மூன்று அறுந்துவிட்டதாம். ஆபரேஷன் முடிந்தது. வலது கை.

அவள் தையல்காரி.

ஏப்ரல் 20, திங்கள்

செத்த கோழியையும் இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அறுத்துக் காட்டினாள். சதையெல்லாம் ரத்தப் புள்ளி.

“இது நோய் இல்லம்மா. மருந்து கூடிப்போனது. ரெண்டு பேர் போட்டிருக்கீங்க, அதோட வெயில்ல ரெண்டு மடங்கு குடிச்சிருக்கு. நாலு மடங்கு ஆச்சு.”

“என் அளவு சரிதானே?”

“சரிதான்.”

“அவ அளவு?”

“அவங்க எங்க வாங்கினாங்க?”

“மருந்துக் கடையிலயாம். கடைக்காரர் சொன்னாராம், பத்து லிட்டருக்கு ஒண்ணுன்னு.”

“அதுவும் சரிதான்” என்றாள். கையைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், “நான் அன்னைக்கே கேட்டேனே” என்றாள்.

கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். “எங்க அக்கா கோழியும் அதுலதான் குடிக்குது.” இதைச் சொல்லியிருந்தால், அக்காவிடம் போய்க் கேள் என்றிருப்பாள். நான் போயிருப்பேனா? மாட்டேன். ஆனால் ஒருவேளை போயிருப்பேனோ?

அங்கேயே மேசையில் ஓங்கிக் குத்தினேன். கோழியின் ரத்தம் தெறித்தது. ஆட்டுக்குட்டிக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

ஏப்ரல் 21

போலீஸ்காரர் மருத்துவமனையில் விசாரித்தாராம். ஸ்டூல் சாய்ந்து தானே விழுந்தேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். இவர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணி இன்னொண்ணும் சொன்னாங்க. ‘அவளுக்காகச் சொல்லல, அவ மூஞ்சியைக் கோர்ட்ல வேற பார்க்கணுமேன்னு சொன்னேன்’னு.”

அது அவள்தான். சத்தம் போட்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. மனுஷியா நான்?

ஏப்ரல் 23

சண்டிக்குப் பிறகும் ஆறு செத்து, என்னிடம் இருபத்தொன்று மிச்சம். அவளிடம் பதினாறு.

தெருவைச் சுற்றி அவள் கொல்லைக்குப் போனேன். மாமா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், மறுபடி சாத்தவில்லை, உள்ளே போய்விட்டார். டாக்டரம்மா கொடுத்த வைட்டமின் மருந்தைச் சட்டிகளில் கலக்கி வைத்தேன். சட்டியைக் கவிழ்த்தால் கவிழ்க்கட்டும், மறுபடி வைப்பேன். ஒவ்வொரு சட்டிக்கும் அளவு எழுதிய அட்டையைச் சுவரில் ஆணியடித்தேன், நான் போட்ட நேரத்தோடு. யார் வந்தாலும் தெரிய வேண்டும்.

அவள் சுவரில் என் பக்கம் போலவே ரத்தக் கறை. நன்றாகத் தேய்த்தேன். போகவில்லை.

மே 3

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். முழங்கை வரைக்கும் கட்டு. காலையில் அவள் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். கொல்லை வாசலில் நின்றிருந்தாள். நான் “அக்கா” என்றேன்.

இடது கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்தது. காதோரம் பட்டு மூன்று தையல். இடது கையிலேயே இந்தக் குறி.

மே 4

போனேன். தண்ணீர் வைத்தேன். ஜன்னலிலிருந்து செருப்பு வந்தது. படவில்லை.

மே 19

ஒரு நாயை இன்று கொல்லப் பார்த்தேன். அவள் பக்கம் புகுந்து ஒரு பெட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. மண்வெட்டிக் கட்டையால் முதுகில் போட்டேன். ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. கோழி பிழைக்காது என்று தெரிந்ததும் நானே கழுத்தைத் திருகினேன். நிமிர்ந்தால் அக்கா ஜன்னலில். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மட்டும் எதையும் எறியவில்லை.

ஜூன் 11

கட்டு பிரித்தார்களாம். விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. ஊசி பிடிக்க முடியவில்லை. தினமும் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா தெருவில் நின்று சொன்னார், இவரிடம்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி.

“ஆறு மாசம் விடாம செஞ்சா வருமாம். இவ எங்க செய்யறா? பந்தைத் தூக்கி மூலையில அடிக்கறா.”

அண்ணனும் தம்பியும் பழையபடி டீக்கடைக்குப் போகிறார்கள். இப்போது ஒளிப்பதில்லை. இவருடைய ஆடிய பல் விழுந்துவிட்டது, அதை வைத்து மாமாவைக் கிண்டல் செய்கிறார். ஆண்களுக்கு எப்படித்தான் முடிகிறதோ.

ஜூன் 26

அவள் வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து துணிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். வெட்டினபடி தைக்காமல் கிடந்த துணி. அக்கா இடது கையால் மடித்து மடித்துக் கொடுத்தாள். நான் கோழிகளுக்கு நடுவில் சட்டியோடு நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து என் வலது கையை அம்மிமேல் வைத்துக் குழவியை எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். என் கையை நசுக்கினால் அவள் கைக்கு என்ன லாபம்? அவள் கோழிக்குத் தண்ணீர் வைக்கவும் ஆளிருக்காது.

ஜூலை 5, ஞாயிறு

தாங்க முடியவில்லை. சட்டியை வைத்துவிட்டு நேராக அவள் எதிரில் போய் நின்றேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பந்து பக்கத்தில் கிடந்தது.

“அக்கா, அடி.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“டம்ளரை எறிஞ்ச, செருப்பை எறிஞ்ச. எறியாத. அடி. நான் ரெண்டாவது தடவை இழுத்தேன்க்கா. மருந்துன்னு நீ சொல்றதுக்கு முன்னாடிதான், ஆனா ரத்தம் பார்த்ததுக்கு அப்புறம். தெரிஞ்சே இழுத்தேன்.”

“தெரியும்” என்றாள். இரண்டரை மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “உன் முகத்தை எதிர்ல பார்த்துக்கிட்டுத்தானேடி இருந்தேன்.”

எழுந்தாள். வலது கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள்.

வலிக்கவில்லை. ஈரத் துணி பட்ட மாதிரி இருந்தது. விரல்கள் என் கன்னத்தில் பட்டதும் தானாகவே மடிந்து சரிந்தன. என்னை இந்த உலகத்தில் எல்லாரையும்விட நன்றாக அடிக்கத் தெரிந்தவள் அவள். வலிக்கவே இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து கதறினேன், “வலிக்கலக்கா, வலிக்கலயே” என்று.

அவளும் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு நடுங்கியது. அழுவாள் என்று நினைத்தேன். மறுபடி ஓங்கி இன்னொன்று போட்டாள். அதுவும் வலிக்கவில்லை. இன்னொன்று. மூச்சு வாங்கியது அவளுக்கு.

“எழுந்திரு” என்றாள். “நாளைக்கும் வா. டாக்டர் தினமும் கையை அசைக்கச் சொல்லியிருக்காரு. பந்து எனக்குப் பிடிக்கல.”

ஜூலை 6

போனேன். பத்து அறை. எண்ணிக்கொண்டே அடித்தாள். ஏழாவது லேசாகத் தெரிந்தது.

ஜூலை 14

இன்று அவள் பக்கத்துப் பெட்டை ஒன்று மறுபடி கூனிக்கொண்டு நின்றது. எச்சத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். வழியெல்லாம் சண்டை. நோய் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று. ஆட்டோக்காரர் இறக்கிவிட்டுவிடுவேன் என்று மிரட்டினார்.

“டிரம்ல வேற யாராவது கலக்கறாங்களா?” என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள்.

“இவ!” என்றோம், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டி.

ஒரு பாக்கெட்தான் கொடுத்தாள். அதை வைத்துக்கொள்வது யார் என்று மருத்துவமனை வாசலிலேயே பிடித்து இழுத்தோம். கிழிந்து தூள் கொட்டியது. இன்னொன்று கேட்கப் போன என்னை டாக்டரம்மா பார்த்த பார்வை இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும், உடைந்ததற்குப் பதில் வைத்த புது டிரம்முக்கு மருந்து அளக்க அக்கா கரண்டியைப் பிடித்தாள். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில். நடுங்கியது, பாதி சிந்தியது. நான் கத்தியால் வழித்தேன். ஐந்து எடுக்க வெகு நேரமானது. உதவிக்குக் கையை நீட்டினேன், புறங்கையில் கரண்டியால் ஒன்று போட்டாள்.

ஆகஸ்ட் 2

பதினைந்து அறை. கன்னம் சிவந்திருக்கிறது என்று இவர் சொன்னார். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 23

மாமா நடுவில் வந்து, “போதும்மா, அவ பாவம்” என்றார். “நீங்க போங்க, இது எங்களுக்குள்ள” என்றோம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

இன்று வலித்தது. காது வரைக்கும் விண்ணென்று. ஐந்து விரலும் பதிந்திருக்கிறது.